மார்ச் 31: ஒரு நன்றிக் கடிதம்

மதிப்பிற்குரிய கொள்முதல் மேலாளர், கணக்கு மேலாளர் அவர்களுக்கு,

இன்று 2025 மார்ச் 31. ரம்ஜான் விடுமுறை என்பதால் ஷெட் பூட்டியிருக்கிறது. கணக்கு எழுத வசதியான நாள். சொந்தத் தொழில் தொடங்கிய பிறகு நான் முழுதாக முடிக்கும் முதல் ஆண்டுக் கணக்கு இது. என் லெட்ஜரில் அதிகப் பக்கம் பிடித்திருப்பது உங்கள் நிறுவனத்தின் பெயர்தான். கோயம்புத்தூரில் பம்ப்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் ஷெட்டுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அவற்றில் நேற்று முளைத்த ஒன்றுக்கு, அதுவும் ஒரு பெண் தனியாக நடத்துவதற்கு, நம்பி ஆர்டர் கொடுத்தவர்கள் நீங்கள். உங்கள் பர்ச்சேஸ் ஆர்டரை மேஜையில் வைத்த பிறகுதான் பேங்க் மேனேஜர் என் கடன் மனுவைக் கையில் எடுத்தார். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியம் கிடைத்தது, இரண்டு சி.என்.சி. லேத் வந்தது, எல்லாம் அந்தத் தாளுக்குப் பின்னால் நடந்தவை. பயிற்சி வகுப்பில் திட்ட அறிக்கை எழுதவும் உற்பத்திச் செலவு போடவும் சொல்லிக்கொடுத்தார்கள். மற்ற பாடங்களை நடத்தியவர்கள் நீங்கள். கணக்கை மூடும் முன் அதை எழுதித் தருவது முறை.

உங்கள் இன்ஸ்பெக்‌ஷன் அறையைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். நானும் பல வருடம் குவாலிட்டி பிரிவில் இருந்தவள். மைக்ரோமீட்டரைப் பிடிக்கும் கையைப் பார்த்தாலே ஆள் எப்படி என்று எனக்குத் தெரிந்துவிடும். உங்களிடம் இருப்பவர் ஷாஃப்டை வந்த சூட்டோடு அளப்பதில்லை. அறையை 20 டிகிரியில் வைத்து, ஷாஃப்டும் அந்தக் குளிருக்கு வரும்வரை காத்திருக்கிறார். பேரிங் உட்காரும் இடத்தைத் துணியால் ஒருமுறை, வெறும் தாளால் ஒருமுறை துடைக்கிறார். ராட்செட் நழுவும் சத்தம் கேட்ட பிறகுதான் அளவைப் படிக்கிறார். 25 மில்லிமீட்டர் விட்டத்தில் 13 மைக்ரான் வரை குறைந்தால் ஏற்பார். ஒரு மைக்ரான் கூடினாலும் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் தனியே எடுத்து வைத்துவிடுவார். அவர் திருப்பி அனுப்பிய எந்தப் பீஸையும் நான் நியாயமில்லை என்று சொன்னதில்லை. அளவு என்றால் அளவுதான் என்ற பிடிவாதத்தை என் ஆபரேட்டர்களுக்கும் அவரைக் காட்டித்தான் பழக்குகிறேன்.

ஆயுத பூஜைக்கு அழைத்திருந்தீர்கள். கேஜ்களையெல்லாம் எண்ணெய் தடவி, கறுப்பு வெல்வெட்டில் வரிசையாக அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை சாத்தியிருந்தீர்கள். கண் நிறையப் பார்த்தேன். தொண்டைமானின் படைக்கொட்டிலில் ஔவையார் நின்றதைச் சொல்லும் புறநானூற்றுப் பாட்டு (95) நினைவுக்கு வந்தது. அங்கே நெய் பூசி மாலை சூட்டிய வேல்கள். அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன. என் ஷெட்டிலும் இன்சர்ட் முனை மழுங்கித்தான் கிடக்கிறது, ஓயாமல் உங்கள் ஆர்டருக்கு ஓடுவதால்.

காலத்தின் அருமையையும் உங்கள் கேட்டில்தான் படித்தேன். செக்யூரிட்டி நோட்டில் வண்டி எண், டெலிவரி சலான் எண், உள்ளே வந்த நேரம் நிமிடக் கணக்கில் ஏறிவிடும். மாலை நான்கு மணிக்கு மேல் சரக்கு உள்ளே போகாது. டெலிவரி ஒரு வாரம் தள்ளினால் பில் தொகையில் அரை சதவீதம் பிடித்தம் என்று உங்கள் பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கம் அச்சிட்டிருக்கிறது. தீபாவளிக்கு முன் கரன்ட் இல்லாமல் ஒரு லாட் தாமதமானது. அன்று மாலையே டெபிட் நோட் மெயிலில் வந்து சேர்ந்தது. வாரம், சதவீதம், ரூபாய், பைசா எல்லாம் சரியாக இருந்தன. தாமதத்துக்கு ஒரு விலை உண்டு, அதை அன்றைக்கே எழுதிவிட வேண்டும் என்பதை அந்த ஒரு தாளில் தெரிந்துகொண்டேன். இப்போது அதை எல்லா இடத்திலும் கடைப்பிடிக்கிறேன்.

உங்கள் வேகமும் சாதாரணமானதில்லை. காலையில் இறக்கிய ஷாஃப்ட் மதியத்துக்குள் அளந்து, மறுநாள் அசெம்பிளி லைனுக்குப் போய்விடும். ரோட்டார் ஏறி, பம்ப் பெட்டிக்குள் போய், பெட்டி லாரியில் ஏறி, அது ஏதோ ஒரு தோட்டத்துப் போர்வெல்லில் இறங்கித் தண்ணீர் எடுக்கத் தொடங்கியிருக்கும். அந்த நாளிலும் உங்கள் கம்ப்யூட்டரில் என் சரக்கு வந்து சேர்ந்திருக்காது. சரக்குப் பெறுகைக் குறிப்பை, அதாவது ஜி.ஆர்.என்.-ஐ, மாதக் கடைசியில்தான் மொத்தமாகப் போடுவீர்கள். கடன் நாட்கள் அதிலிருந்துதான் எண்ணப்படும். ஒரு பொருள் விற்றுத் தீர்ந்த பிறகும் வாங்கப்படாமல் இருக்க முடியும் என்பது எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்காத அறிவு. அதைத் தேடிப் போய்த்தான் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், 2006-ஐ முழுதாகப் படித்தேன். சரக்கு கொடுத்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லவில்லை என்றால், கொடுத்த நாளே ஏற்றுக்கொண்ட நாள் என்று அதில் இருக்கிறது. உங்கள் செக்யூரிட்டி நோட்டில் அந்த நாள் நிமிடத்தோடு பதிவாகியிருக்கிறது.

ஜி.எஸ்.டி. விஷயத்தில் உங்களைப்போல் கவனமான ஆட்கள் இந்தத் தெருவில் யாரும் இல்லை. நான் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரத்தை ஏற்றாவிட்டால் 12-ஆம் தேதி காலையில் போன் வந்துவிடும். "என்னங்கம்மா, நம்ம பில்லு இன்னும் தெரியலைங்களே." 14-ஆம் தேதி உங்கள் பக்கத்தில் அது தெரிந்ததும், அந்த வரியை உங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம். லட்ச ரூபாய் பில்லுக்கு வரி ₹18,000. ராடு வாங்கும்போது நான் கட்டியதைக் கழித்து மீதியை 20-ஆம் தேதி அரசுக்குக் கட்டிவிடுகிறேன், நீங்கள் எனக்குக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். ஆக, என் கையிலிருந்து போன பணம் உங்கள் கணக்கில் வரவாகிறது. அந்த பில்லோ உங்கள் மேஜையில் இருக்கிறது. 180 நாளுக்குள் எனக்குப் பணம் தராவிட்டால் நீங்கள் எடுத்த வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டம் சொல்வதால், அந்தக் கெடுவை நீங்கள் தவறவிட்டதே இல்லை. இப்படித்தான் உங்களிடம் இரண்டு வகை நாள் இருப்பது புரிந்தது. உங்களுக்கு நஷ்டம் வரும் நாளை ஒரு நாள்கூடத் தாண்டவிடமாட்டீர்கள்.

ராடு கடைக்காரருக்கு என் மேல் எந்த வருத்தமும் இல்லை. ஆனால் எஸ்.எஸ். 410 ராடு பணம் வைத்தால்தான் வண்டி ஏறும். ஈ.பி.க்கும் தேதி உண்டு. பேங்க்கிலோ தவணை 30 நாள் தாண்டினால் ஒரு பெயர், 60 தாண்டினால் இன்னொரு பெயர், 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். அந்தத் தொண்ணூறாவது நாளில் உங்கள் நிலுவை சரிபாதிதான் வயதாகியிருக்கும். அதே பேங்கில் நீங்கள் மதிப்புமிக்க வாடிக்கையாளர். லாபம் வேறு, கையில் இருக்கும் காசு வேறு என்று எல்லாரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் லாப நஷ்டக் கணக்கு லாபம் காட்டுகிற அதே மாதத்தில் என் வளையலும் அம்மாவின் சங்கிலியும் நகைக்கடனுக்குப் போனபோதுதான் அந்த வாக்கியம் எனக்கு முழுதாகப் புரிந்தது. பெரிய நிறுவனம் எங்கிருந்து நடைமுறை மூலதனம் திரட்டுகிறது என்று ஆராய்கிறவர்கள் இந்தப் பக்கத்து நகைக்கடன் கவுன்டரையும் வந்து பார்க்கலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு மெஷினை நிறுத்திவிட்டுப் பசங்க கை கழுவ வருவார்கள். கூலண்ட் வாசம் போக சோப்பைப் போட்டுத் தேய்ப்பார்கள். ஒடிஷாவிலிருந்து வந்த பையன் கவரை வாங்கியதும் எண்ணிப் பார்க்கமாட்டான். நேரே எதிர்க் கடைக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்து, தன் ஊர்க் கணக்குக்கு மாற்றச் சொல்லிவிட்டு, அம்மா போனில் வந்து சரி என்ற பிறகுதான் சாப்பிடப் போவான். "அடுத்த வாரம் பாத்துக்கலாம் தம்பி" என்று அவனிடம் சொல்ல முடியாது. ஒரு வாரம்கூடச் சொல்லவில்லை. அந்தக் கவர்களுக்குள் போன பணம் எங்கெங்கே வாங்கியது என்று எனக்குத் தெரியும். உங்களிடம் வாங்க வேண்டிய பணம் எவ்வளவு பேருடைய சாப்பாட்டைத் தள்ளி நிறுத்தும் வலிமையுள்ளது என்பதும் தெரிந்தது. என் ஷெட் ஒன்று மட்டும் இல்லை. பக்கத்தில் கிரைண்டிங் போடுகிறவர், கீவே வெட்டுகிறவர், பெட்டிக்கு அட்டை மடிப்பவர் எல்லாரும் ஒருவருக்கொருவர் பணம் தர வேண்டியவர்கள். உங்களிடமிருந்து வந்தால் ஒரே நாளில் எங்கள் தெரு முழுக்கக் கடன் தீர்ந்துவிடும். அவ்வளவு பெரிய காரியம் உங்கள் ஒரு கையெழுத்தில் இருக்கிறது.

உங்கள் கணக்குப் பிரிவில் யாரும் என்னிடம் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. போனதும் உட்காரச் சொல்வார்கள், டீ வரும். "பில்லு பாஸ் ஆயிடுச்சுங்கம்மா, சாரோட சைன் மட்டும்தான்." சார் மீட்டிங்கில் இருப்பார், இல்லையென்றால் சென்னை போயிருப்பார். அந்தப் பெண்களுக்கும் என் வயதுதான். பணத்தை நிறுத்தி வைக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை, கொடுக்கும் அதிகாரமும் இல்லை. ஒவ்வொரு சப்ளையரின் முகத்தையும் பார்க்கும் வேலை மட்டும் அவர்களுக்கு. அந்த வேலையை அவர்கள் செய்கிற பொறுமை எனக்கு வராது.

சட்டம் படிக்க வைத்தீர்கள் என்றேன். 90 நாள் கடன் என்று உங்கள் ஆர்டரில் அச்சிட்டிருந்தாலும், குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்கு மேல் போகக் கூடாது என்கிறது 15-ஆம் பிரிவு. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் வட்டிக்கு வட்டி. இது 16-ஆம் பிரிவு. பேங்க் ரேட் இந்த ஆண்டில் பிப்ரவரி 7 வரை 6.75 சதவீதம். மூன்று மடங்கு 20.25. ₹1,18,000 பில் ஒன்று கெடுவுக்கு மேல் மூன்று மாதம் நின்றால் வட்டி ஏறத்தாழ ₹6,075 ஆகிறது. உங்கள் டெபிட் நோட்டைப்போலவே வாரம், சதவீதம், ரூபாய், பைசா என்று போட்டுப் பார்த்தேன். சரியாக வருகிறது. இவ்வளவு தெளிவாக எழுதிய சட்டம் ஏன் யார் கையிலும் இல்லை என்பதையும் நீங்களே விளக்கினீர்கள். மத்திய அரசின் சமாதான் தளத்தில் மனு போட்டால் அது வசதியாக்க மன்றத்துக்குப் போகும். 90 நாளில் தீர்க்க வேண்டும். தீர்ப்பை எதிர்த்து மேலே போக வேண்டுமென்றால் வாங்கியவர் 75 சதவீதத் தொகையை முதலில் கட்ட வேண்டும். இதையெல்லாம் என் பக்கத்து ஷெட்காரர் நம்பி, வேறொரு கம்பெனி மேல் மனு போட்டார். பணம் வந்தது. அதற்குப் பிறகு ஆர்டர் வரவில்லை. உங்கள் பிரிவிலிருந்து யாரும் எனக்கு அந்தக் கதையைச் சொல்லவில்லை, மிரட்டவும் இல்லை. குறு, சிறு நிறுவனங்களுக்கான உதயம் பதிவு இருக்கிறதா என்று ஒரு படிவம் மட்டும் அனுப்பினீர்கள். இருக்கிறது என்று நிரப்பிக் கொடுத்தேன். அடுத்த இரண்டு மாத ஷெட்யூல் பாதியானது. ஒரு வார்த்தை வீணாக்காமல் ஒருவருக்குப் புரிய வைக்கும் கலை அது.

இப்போது கடந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். மாலை ஐந்து மணிக்கு மேல் மெசேஜ் மேல் மெசேஜாக வந்தது. அக்டோபர் பில், நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி முதல் வாரம் வரை நின்றதெல்லாம் ஒரே மாலையில் என் கணக்கில் விழுந்தது. சைனுக்காகக் காத்திருந்த அத்தனை பில்லும். சார் சென்னை போகவில்லை போலிருக்கிறது. மனதார நன்றி சொல்கிறேன். நகையை மீட்கப் போகிறேன். என் ஆடிட்டர்தான் காரணத்தை எடுத்துச் சொன்னார். வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு. 2023 நிதிச் சட்டத்தில் வந்தது. குறு, சிறு உற்பத்தியாளருக்குக் கெடு தாண்டி மார்ச் 31 அன்று நிற்கும் பாக்கியை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. கொடுக்கிற ஆண்டில்தான் கழித்துக்கொள்ள முடியும். 31-க்குள் கொடுத்துவிட்டால் எவ்வளவு தாமதமானாலும் கழித்துக்கொள்ளலாம். 45 நாளுக்கு ஒருமுறை கடிக்க வேண்டிய பல் வருடத்துக்கு ஒருமுறைதான் கடிக்கிறது. அந்த ஒரு நாளில் நீங்கள் காட்டிய வேகத்தைப் பார்த்தபோது ஒன்று நிச்சயமானது. பணம் உங்களிடம் இல்லாமல் இருந்த நாள் ஒன்றுகூட இல்லை. மே மாதமும் இருந்தது, பொங்கலுக்கும் இருந்தது. இவ்வளவு காலம் உங்களுக்கும் ஏதோ சிரமம் இருக்கும் என்று நினைத்து நானே உங்களுக்காக வருந்தியிருக்கிறேன். அந்த வருத்தம் தீர்ந்தது.

டிரெட்ஸ் தளத்திலும் சேர்ந்துவிட்டீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். ₹250 கோடிக்கு மேல் விற்பனையுள்ள கம்பெனிகள் அதில் சேர வேண்டிய கடைசி நாள் இன்றுதான்; நீங்கள் கெடுவுக்கு முன்பே முடித்தீர்கள். என் பில்லை நீங்கள் அதில் ஏற்றுக்கொண்டால் ஏதாவது ஒரு பேங்க் சில நாளில் எனக்குப் பணம் கொடுத்துவிடும், உங்களிடம் பிறகு வசூலித்துக்கொள்ளும், நீங்கள் தராவிட்டாலும் என்னிடம் கேட்க முடியாது. என் பேங்க் வட்டியைவிடக் குறைவாகவே முடியும், ஏனென்றால் பேங்க் பார்ப்பது உங்கள் பெயரை. அந்தப் பெயருக்கு இருக்கும் மதிப்பை எங்களோடு பகிர்ந்துகொள்ள உங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவாகாது. ஏற்றுக்கொள்ளும் இடத்தில் ஒரு சொடுக்கு போதும். நான் ஏற்றிய பில்கள் அங்கே உங்களுக்காக இருக்கின்றன.

நாளை முதல் குறு நிறுவனம் என்பதற்கான வரம்பு உயர்கிறது. விற்பனை ₹10 கோடி வரை குறுதான். அந்த வரம்புக்குள் நான் வெகுகாலம் இருப்பேன். எனக்கு இந்தச் சட்டம் வெகுகாலம் பொருந்தும். புதிய ஆண்டுக்கு உங்களுக்குத் தனியாக ஒரு விலைப்பட்டியல் போட்டிருக்கிறேன். 45 நாளில் என்றால் ஒரு விலை. 90 நாள், 150 நாள் என்றால் அதற்குரிய வட்டியைச் சேர்த்து வேறு விலை. டெலிவரி வாரத்தைப்போலவே தாமத வாரமும் ஆர்டரின் முன்பக்கத்தில் அச்சாகட்டும். எதை எடுத்தாலும் சந்தோஷம்; ஷாஃப்ட் அதே 13 மைக்ரானுக்குள்தான் வரும்.

இத்துடன் இரண்டு தாள் இணைத்திருக்கிறேன். ஒன்று, இந்த ஆண்டில் தாமதமாக வந்த ஒவ்வொரு பில்லுக்கும் 16-ஆம் பிரிவின்படியான வட்டிக் கணக்கு. உங்கள் கேட் நோட்டில் உள்ள உள்வரவு நாளிலிருந்து எண்ணியிருக்கிறேன். 22-ஆம் பிரிவின்படி இந்தத் தொகையை உங்கள் ஆண்டுக் கணக்கறிக்கையில் காட்ட வேண்டியிருப்பதால், உங்கள் ஆடிட்டருக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். இரண்டாவது தாளில் பிப்ரவரி, மார்ச் மாதங்களின் மீதி பில்களும் ஒவ்வொன்றுக்கும் நாற்பத்தைந்தாவது நாள் எது என்பதும் இருக்கின்றன. முதல் பில்லுக்கு அது இந்த வியாழக்கிழமை, ஏப்ரல் 3.

தங்கள் உண்மையுள்ள,
உங்கள் ஷாஃப்ட் சப்ளையர்